கண்ணாடியக்கா அழித்த பளபளப்பு

அந்தப் பட்டறையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். எவர்சில்வர் தகட்டுக்கு அவள் மெருகு போட்டுக் கொடுத்தால் அதில் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். மேலாளரே அப்படி மீசை ஒதுக்கியிருக்கிறார். இருபது வருஷம் மெருகுச் சக்கரத்தின் முன் நின்றதில் இடது காது கொஞ்சம் மந்தம். நாக்கு மட்டும் நல்ல கூர்மை.

அப்பேர்ப்பட்டவளின் வேலைக்கே உலை வைக்க வந்தது ஓர் ஆள் உயரக் கலன். ஏதோ ஆய்வுக்கூடத்துக்காகச் செய்தது. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சினால், எட்டு மணி நேரத்தில் அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். முள்ளோ கோட்டுக்கு மேலே சட்டமாக உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. ஓட்டை எதுவும் இல்லை, தேடிப் பார்த்தாயிற்று. ஆய்வுக்கூடத்துப் பொறியாளரம்மா வந்து சோதித்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பது தண்ணீர் என்றாள். சொட்டுச் சொட்டாக நிற்கும் தண்ணீர் இல்லை. காற்றிலுள்ள ஈரம் எஃகுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளுமாம். சுவர் எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு இடம் அதற்கு. பம்பு ஓட ஓட அது கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வந்துகொண்டே இருக்குமாம்.

சொரசொரப்பு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மேலாளர் கண்ணாடியக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் ரோஷத்தோடு கலனுக்குள் நுழைந்து இரண்டு நாள் மெருகு மெழுகு தடவிய துணிச் சக்கரம் பிடித்தாள். வழவழப்பை அளக்கும் கருவியின் ஊசி அலுங்காமல் நலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் பம்பைப் போட்டால் முள் முன்பைவிட மேலே நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் கலனைத் திருப்பிவிடுவார்கள், மெருகுப் பகுதியை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுக்க வேண்டியதுதான், அவள் பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போகலாம் என்றார் மேலாளர். இருபது வருஷக் கையை அட்டைப் பெட்டி ஒட்டச் சொல்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் வீட்டுக்காரர் சலவைக் கடை வைத்திருப்பவர். அன்று சாயங்காலம் அவள் புலம்பலுக்கு 'உம்' கொட்டிக்கொண்டே ஒரு சட்டையைத் தடவிப் பார்த்து, மறுபடி கொடியில் போட்டார். காய்ந்துதானே இருக்கிறது என்று அதற்கும் எரிந்து விழுந்தாள்.

"மேல காஞ்சிருக்கு. காலர் மடிப்புக்குள்ள கைய வச்சுப் பாரு."

வைத்தாள். உள்ளே ஈரம். வைத்த கையை எடுக்கவில்லை. மெழுகுச் சக்கரம் என்ன செய்கிறது என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கீறல்களின் மேட்டை அது வெட்டி எடுப்பதில்லை. சாய்த்து, பள்ளத்தின் மேல் மடித்துப் படுக்க வைக்கிறது. மேலே கண்ணாடி, கீழே பொந்து. ஊசி கூரை மேல் ஓடிவிட்டுப் போய்விடும். ஈரம் பொந்துக்குள் குடித்தனம் நடத்தும். மெருகுக்காரர்கள் எல்லோரும் அவசரத்துக்குச் செய்கிற கள்ளத்தனம்தான் இது. யாரும் வெளியே மூச்சு விடுவதில்லை. விட்டால் அவளுடைய புகழும் அம்பேல்.

மறுநாள் காலை மேலாளர் அறையில், பொறியாளரம்மாவை வைத்துக்கொண்டே அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "நான் கீறல எடுக்கலம்மா, மூடி வச்சிருக்கேன். பளபளப்பு மேல மட்டுந்தான். முதல்லேருந்து தேய்க்க விடுங்க." மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பொறியாளரம்மா மட்டும், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்றாள்.

தான் போட்ட கண்ணாடியைத் தன் கையாலேயே அழிப்பது லேசு இல்லை. முதல் அரை மணி நேரம் அவளுக்கு அழுகை முட்டியது. முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்காக மாற்றி, முந்தைய கீறல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று விளக்கு வைத்துப் பார்த்த பிறகே அடுத்த நைஸ் தாளைத் தொட்டாள். மெழுகைக் கிட்டவே சேர்க்கவில்லை. கடைசியாகக் கலனில் அமிலத்தை நிரப்பி மின்சாரம் பாய்ச்ச, மிச்சசொச்ச மேடும் கரைந்தது. கழுவி உலர்த்திவிட்டு எட்டிப் பார்த்தால் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. மேலாளர் ஒரு மாதிரி சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பம்பைப் போட்டார்கள். பத்து மணிக்கே முள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி இறங்கியது. மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை. இரண்டேகாலுக்குச் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, அப்புறமும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. கண்ணாடியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பொறியாளரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிய பிறகுதான் கையுறையைக் கழற்ற மறந்தது தெரிந்தது.

"இதே மாதிரி இன்னும் ஆறு வேணும்" என்றாள் பொறியாளரம்மா, மேலாளரிடம். "உள்பக்கம் இவங்க கைதான் படணும்."

மேலாளர் அறைக்கு ஓடித் தாளும் பேனாவும் எடுத்தார். "எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்கக்கா, எழுதி ஒட்டிடலாம்."

அவள் பின்னாலேயே போய், அவருக்கு எதிர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நடுவில் ஓர் உப்புத்தாளை விட்டுவிட்டார் என்று எழுதியதை அடிக்கச் சொல்லி மறுபடி எழுத வைத்தாள். உள்பக்கத்தில் மெழுகுச் சக்கரம் படக் கூடாது என்ற வரியை மட்டும் பேனாவை வாங்கி அவளே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.