மாப்பிள்ளை பேருக்கு இடம் விட்ட கலியாணக் காட்

எண்பதுகளின் தொடக்கம்... அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டாலும் எனக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணக்கும்.

கல்முனையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. பின்னேரமானால் ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டும். சவர்க்காரம் போட்டாலும், தேசிக்காய் தேய்த்தாலும் கையை விட்டு அந்த மணம் போகாது. நக இடுக்கில் கறுப்பு இங்க் வேறு.

அந்த நகத்தால்தான் எனக்கு இரண்டு கலியாணப் பேச்சு குழம்பியது. "மாப்பிள்ள கராஜில வேல செய்றவரா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை.

மூன்றாவது பேச்சு சாய்ந்தமருதுப் பக்கம். பெண்ணின் பெயர் றஹீமா, ஸ்கூல் டீச்சர். உம்மாவுக்கு இந்த இடத்தை விட மனசே இல்லை.

"மனே, உன்ன விசாரிக்க அவங்க வேலத்தளத்துக்கு ஆள் அனுப்புவாங்க. ஆரெண்டு சொல்லமாட்டாங்க. வாற எல்லாரோடயும் மரியாதையாக் கதை," என்றார்.

எங்கள் பக்கம் அப்படித்தான். வாடிக்கையாளர் போல ஒருவர் வருவார், மாப்பிள்ளையைப் பார்ப்பார், போவார்.

அதன் பிறகு ஒரு கிழமைக்கு அச்சகத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ராஜ மரியாதை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க வந்தவருக்குக் கதிரை போட்டு, பிளேன்டித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். மீன் விற்க வந்தவரை "வாங்க, இரிங்க" என்று உபசரித்ததில் அவர் பயந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மெசின் மிதிக்கிற லெத்தீப் காக்கா, "இவனுக்குக் காய்ச்சலா?" என்று முதலாளியிடம் கேட்டார்.

பிறகு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை...

காலையிலிருந்து கோர்த்த ஒரு முழுப் பக்கம் கை தவறி நிலத்தில் கொட்டிவிட்டது. அத்தனை எழுத்தும் கலந்து போயிற்று. நான் குந்தியிருந்து பொறுக்கிக்கொண்டிருக்க, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் வந்து மேசையில் கிடந்த மாதிரிக் கலியாணக் காட்டுகளைத் தடவினார்.

"கலியாணக் காட் அடிக்கணும் தம்பி."

உம்மா சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"என்ன மட்டை? ஐவரி போர்டா, ஆர்ட் போர்டா?"

"ஓம்."

"ஓம் எண்டா எது?"

"ரெண்டும் போடுங்க."

"இங்க்? மரூனா, நேவி புளூவா? இல்லாட்டி ஈர இங்க்குக்கு மேல கோல்ட் பவுடர் தூவவா?"

"தூவுங்க தம்பி, தூவுங்க."

"எழுத்துட அளவு பன்னிரண்டு பொயின்டா, பதினெட்டா?"

"பெரிய கலியாணம்தான். பதினெட்டப் போடுங்க."

மனிதருக்கு நன்றாக வியர்த்துவிட்டது. நானும் விடவில்லை. "பொண்ணுட பேர்?"

தாடியைச் சொறிந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் போலும். "றஹீமா," என்றார். பெண்ணின் வாப்பா பேரையும் சொன்னார். ஊர் சாய்ந்தமருது.

என் பென்சில் நின்றுவிட்டது. என்னை விசாரிக்க வந்த ஆளை நான் விசாரித்து முடித்திருக்கிறேன்.

வாய் மட்டும் பழக்கதோசத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டது. "மாப்பிள்ளட பேர்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "அது இன்னும் முடிவாகல்ல. இடம் உட்டு வைங்க."

"மாப்பிள்ள இல்லாத கலியாணக் காட்ட இப்பதான் காண்றன்," என்றார் லெத்தீப் காக்கா, மெசினை நிறுத்தாமலே.

வந்த மனிதர் போனதும் கோர்க்க உட்கார்ந்தேன். ஈய எழுத்து, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறித்தான் இருக்கும். றஹீமா என்ற பெயரை முதன்முதலாக எழுத்தில் நான் பார்த்ததே அப்படித்தான்.

மாப்பிள்ளை பெயருக்கு எவ்வளவு இடம் விடுவது? என் பெயரைக் கோர்த்து அளந்தேன். யாரும் பார்க்க முன் எழுத்துகளைக் கழற்றிவிட்டு, அதே அகலத்துக்கு வெற்று ஈயக்கட்டைகளை அடுக்கினேன். ஐவரி போர்டில் நல்ல துண்டொன்றை எடுத்து, ரோலரைத் துடைத்து, பிழை பார்க்க ஒரு புரூப் அடித்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். "வீட்டுல காட்டி, பிழ இருந்தா குறிச்சுத் தாங்க," என்று கொடுத்தேன்.

ஒரு நாள் போனது... இரண்டு நாள்... நாலு நாள்.

"வந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணியும் குடுக்கல்லியா நீ?" உம்மா சாப்பாடு வைக்கும்போதெல்லாம் இதையே கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத பெண்தான், ஆனாலும் அவள் பெயரைக் கோர்த்த கை இல்லையா... ஆசை வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அதே மனிதர் புரூப்போடு வந்தார். பெண்ணின் தாய்மாமாவாம். நீலப் பேனையால் திருத்தியிருந்தது. 'கோல்ட் பவுடர் வேண்டாம், கறுப்பு இங்க் போதும்.' 'எழுத்து சிறிதாகட்டும்.' வெற்றிடத்தில் டீச்சர்மாரின் உருண்டை எழுத்தில் என் பெயர். அளவு கச்சிதம்.

"புள்ளதான் எழுதினது," என்றார் மாமா. "பிழ இருந்தா நீங்க பாத்துக்கங்க, மருமகன்."

பிறகுதான் தெரியும்... அந்த நாலு நாளில் றஹீமா இரண்டு தரம் அச்சகத்துக்கு முன்னால் நடந்து போயிருக்கிறாள். நான் எழுத்துப் பெட்டிக்குள் குனிந்தவன் நிமிரவே இல்லையாம். "நிமிந்திருந்தா வேற பேர் எழுதியிருப்பன்," என்பாள்.

போன மாதம் எங்கள் கடைசி மகளின் கலியாணக் காட் போனில் வந்தது. மாப்பிள்ளையே செய்து அனுப்பியிருந்தார். போர்டும் இல்லை, இங்க்கும் இல்லை. இரண்டு பெயரும் தங்க நிறத்தில் மின்னி மின்னி வருகின்றன. ஒரு நிமிடத்துக்குள் குடும்பக் குரூப்பில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். வடிவாகத்தான் இருந்தது... ஆனாலும் விரலால் தடவிப் பார்க்க ஒன்றும் இல்லையே என்று எனக்கு மனசு கொஞ்சம் வாடிவிட்டது.

"ஓகே சொல்லுங்க வாப்பா, எல்லாருக்கும் அனுப்பணும்," என்றாள் மகள்.

நான் வாயெடுக்க முன் றஹீமா போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நாலு நாள் வச்சுப் பாத்திட்டுச் சொல்லுறம் மகள்."