குளக்கட்டில் ஒரு மலைப் பயணம்

சித்திரை விடுமுறைக்குப் புது மோட்டார்சைக்கிளில் அட்டன் மலைப்பக்கம் போவதென்று நெளுக்குளத்து நண்பன் திட்டம் போட்டான். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. எங்கள் பக்கம் மேடென்றால் குளக்கட்டு மட்டும்தான். அதில் ஏறிப் பழக என்னைப் பின்னால் இருத்தினான். ஒரு கிழமை, ஏழு நாளும் ஏறி இறங்கினோம். மனதுக்குள் நான் தேயிலைத் தோட்டமெல்லாம் பார்த்து முடித்துவிட்டேன்.

“எப்ப மச்சான் வெளிக்கிடுறம்?” என்று கேட்டேன்.

“நீ எங்க? என்ர மனிசியெல்லோ வாறா. அவாவும் நீயும் ஒரே நிறை, அதுதான் உன்னை ஏத்தினனான்.”

“அங்க குளிர் கடுமை, அவாவுக்கு ஒத்துவராது” என்று பயம் காட்டிப் பார்த்தேன்.

“ஓம், அதாலதான் உன்ர ஜக்கெற்றை வாங்கிவரச் சொன்னவா.”

வன்னி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். கழற்றிக் கொடுத்தேன்.