பனிமலைப் பூவோடு சிங்கப்பூருக்கு

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டுக்குப் பஸ்ஸில் பதினேழு மைல். எத்தனையோ பேர் தினமும் போய்வருகிற வழிதான். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, நானும் என் தம்பி மனைவி ராசாத்தியும் அதில் போனோம். அவள் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஒரு காய்ந்த பூ.

தம்பி முருகேசு ஒரு தோட்டத்துத் துரையிடம் சமையல்காரன். துரை இமயமலை ஏறப் போனபோது இவனையும் கூட்டிப்போனார். "பனிய ஒரு தடவ கையில அள்ளிப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று ராசாத்தியிடம் சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. காய்ச்சலில் இறந்தான் என்றார்கள் தோட்டத்து ஆபீசில். போகிற வழியிலா, மலை ஏறிய பிறகா, அவர்களுக்கே தெரியாது. துரை அங்கிருந்தே சீமைக்குப் போய்விட்டார். துணிமூட்டை மட்டும் வந்தது. சட்டைப் பையில் இந்தப் பூ. புருஷன் பனியைப் பார்த்தாரா, பார்க்காமலே போனாரா? ராசாத்திக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

பத்து மணிக்குச் சிராங்கூன் ரோடு. துரை வீட்டுக்கு மசாலா வாங்கத் தம்பி வழக்கமாக வரும் மளிகைக்கடைக்குப் போனோம். அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் அந்தக் கடைக்கார பாய்தான். டின்னைத் திறந்து பார்த்தார்.

"பூவுக்கு நடுவுல இருக்கிற காயப் பாத்தா கசகசாக் காய் சாயலால்ல இருக்கு. அபினிச் செடிக்குச் சொந்தம்போல. போலீஸ் கண்ணுல காட்டிறாதீங்கக்கா" என்று சிரித்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், சட்டம் என்ன கண்டேன்? வியர்த்துவிட்டது.

"பயப்படாதீங்க. கவர்மெண்டுப் பூந்தோட்டத்துல செடி பாக்குற ஆபீஸ் இருக்கு. அங்க கேளுங்க."

டாக்சிக்கு ஒரு வெள்ளி அறுபது காசு. டிரைவர் தமிழர். டின்னில் என்ன என்று கேட்டார். பூ என்றேன்.

"பூவ எடுத்துக்கிட்டுப் பூந்தோட்டத்துக்குப் போற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன் லா" என்றார்.

அந்த ஆபீசில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக வைத்திருக்கிறார்கள். அறை முழுக்க அந்துருண்டை வாசனை. அங்கே ஒரு தமிழ் அதிகாரி, சின்ன வயசுக்காரர், கண்ணாடிவில்லை வைத்துப் பூவை வெகுநேரம் பார்த்தார். தண்டில் முள்போல் ரோமம், வெளுத்துப்போன நீல இதழ். ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இது பாப்பிப் பூம்மா. கசகசா குடும்பம். ஆனா எந்த இனம்னு சொல்ல முடியல. எதோடயும் ஒத்துவரல. யாரும் இதுவரைக்கும் பேரு வைக்காததாக்கூட இருக்கலாம்."

"பேரு வேணாங்க" என்றாள் ராசாத்தி. "இது எங்க மொளைக்கும்?"

"இந்த வகையெல்லாம் மரமே வளராத உசரத்துலதான். பனி உருகுற எடத்துக்குப் பக்கத்துல."

அவள் தலை குனிந்துகொண்டாள். கண்ணீர் டின் மூடியில் விழுந்தது.

பூவை விட்டுப்போனால் பத்திரமாக வைப்போம், வீட்டில் பூஞ்சை பிடித்துவிடும் என்றார் அதிகாரி. ராசாத்தி டின்னையே அவர் பக்கம் தள்ளினாள். ஒட்டும் தாளில் எழுத, "யாரு பறிச்சது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு."

அடிவாரத்தில் அவன் காய்ச்சலில் கிடக்க, மேலேயிருந்து இறங்கிய யாராவது கொடுத்த பூவாக இருந்தால்? நாக்கு நுனிவரை வந்தது. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத நான் அன்று வாய் திறக்கவில்லை. முருகேசு, சமையல்காரர் என்று எழுதினார். இடம் என்ற இடத்தைக் காலியாக விட்டார்.

நான்கு மணிக்கு மறுபடி குவீன் ஸ்திரீட். எங்கள் ஊர் வெயில்தான் அங்கேயும். ஐந்து காசுக்கு ஐஸைச் சீவி உருட்டி விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். "பாகு ஊத்தாம குடுங்க" என்று ராசாத்தி ஒன்று வாங்கினாள். தின்னவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இதவிடக் குளுருமா?"

"குளுரும்" என்றேன்.

பஸ் வந்தது. முழங்கை வழியே தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினாள்.