நான் கட்டிப்பிடித்த தூண்

சிவாஜிநகரில் ஒரு பழைய மாடிவீட்டில் அறை எடுத்திருக்கிறேன். தெருவில் பஸ் போகும்போதெல்லாம் கூடத்துக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. இந்த முறை உத்தரமே முனகுகிறது. ஒரே தாவில் நடுத் தூணைக் கட்டிக்கொள்கிறேன். ஐம்பது வயதில் இப்படித் தாவ முடியும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்காரம்மா காபியோடு நின்று பார்க்கிறார். "சார், அது வெறும் பிளைவுட். பழைய வீடு மாதிரி தெரியணும்னு போன வருஷம் வெச்சோம்."

"இது பழைய வீடுதானேம்மா?"

"ஆமா சார். வாடகை விளம்பர போட்டோல அது தெரியலியே!"

"அப்போ கூரையை எது தாங்குது?"

விரிசல் விட்ட சுவரைக் காட்டுகிறார். "அதான். விரிசல் எங்க மாமனார் காலத்துது. பயந்துக்காம அங்க போய் நில்லுங்க."

சுவரை நோக்கி நகர்கிறேன். தூணும் என்னோடு வருகிறது.