நகராத இருபத்தைந்து டிகிரி

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. மேல்சட்டைப் பையில் எந்நேரமும் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். "கல்யாண போட்டோவுலயாவது அத கீழ வச்சாங்களான்னு பாருங்க" என்று பக்கத்து டயர் கடைக்காரர் கிண்டலடிப்பார்.

ஒர்க்‌ஷாப் அவளும் கணவரும் பதினோரு வருஷமாகச் சேர்ந்து நடத்துவது. கார்களின் கோளாறைக் கண்டுபிடிப்பது அவள். கழற்றி மாட்டுவது அவர். வேலை முடிந்ததும் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். அவர் "முடிஞ்சுது" என்றால் முடிந்தது. அதைத் திரும்ப அளந்து பார்க்க வேண்டுமென்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய நர்ஸ் சிநேகிதி, பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் தன் ஹைப்ரிட் காரைக் கொண்டுவந்து விட்டாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"ஏய், ஆறு மாசம் முன்னாடி பாத்தீங்களே, அதே மஞ்சள் லைட்டு. வருது, போவுது. மேடு ஏறினா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நீ பாத்த வண்டிதானேன்னு தைரியமா ஓட்டிட்டு இருந்தேன்."

"வச்சுட்டுப் போ. சாயங்காலம் வா."

கணவர் உதிரிபாகம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். மீட்டரக்கா கோளாறு காட்டும் ஸ்கேனரை வண்டியில் செருகினாள். பேட்டரியின் வெப்பநிலை சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்றது. போன தடவையும் இதேதான். அப்போது சென்சாரை மாற்றியாகிவிட்டது. புதுச் சென்சார் ஆறே மாதத்தில் கெடுமா?

பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற பெரிய பேட்டரிக்கு நான்கு சென்சார்கள். வண்டி இன்னும் சூடாகவில்லை. நான்கும் ஏறக்குறைய ஒன்றையே காட்ட வேண்டும். மூன்று முப்பத்தொரு டிகிரி என்றன. நான்காவது மட்டும் இருபத்தைந்து. ஓட்டிவிட்டு வந்து பார்த்தாள். மூன்றும் முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்தன. நான்காவது அதே இருபத்தைந்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒயர்க்கட்டை லேசாக ஆட்டினாள். சட்டென்று மைனஸ் நாற்பது. விட்டதும் மறுபடி இருபத்தைந்து.

மைனஸ் நாற்பது என்றால் எங்கோ இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. அது அவளுக்குப் புரிந்தது. அந்த அசையாத இருபத்தைந்துதான் புரியவில்லை.

வண்டியை அணைத்து, ரப்பர் கையுறை மாட்டி, பேட்டரியின் பாதுகாப்பு பிளக்கைப் பிடுங்கினாள். பத்து நிமிஷம் காத்திருந்து மூடியைத் திறந்தாள். நான்காவது சென்சாரின் கனெக்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு, முடி உலர்த்தும் மெஷினால் சென்சார் மேல் சூடு காட்டினாள். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், மீட்டரில் எண் இறங்க வேண்டும். இம்மி கூட இறங்கவில்லை.

ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கறுப்பு டேப் கொஞ்சம் புடைத்திருந்தது. பிரித்தாள். சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயர்களையும் வெட்டி, நடுவில் அரிசி மணியளவு ரெசிஸ்டர் ஒன்றை யாரோ பற்றவைத்திருந்தார்கள். பேட்டரி கொதித்தாலும் வண்டியின் கம்ப்யூட்டருக்கு இருபத்தைந்து என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ரெசிஸ்டர். பற்றவைத்த இடம் விரிசல் விட்டதால்தான் விளக்கு மறுபடி எரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது.

டேப்பின் முனை பிரிப்பதற்குத் தோதாக முக்கோணமாய் மடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடிப்பவர் ஒருவர்தான். ரெசிஸ்டரை வெட்டி எடுத்துக்கொண்டு பின்கதவு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் வந்ததும் ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"என்னங்க இது?"

அவர் அதைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "பார்ட் வரல அப்போ. உன் ஃபிரண்டு தெனம் போன் பண்ணுது. சும்மா ரெண்டு வாரத்துக்குன்னு..."

"பார்ட் வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

அவர் சந்தைப் பையைக் கீழே வைத்தார். "அத என் கூட்டாளி வண்டிக்குப் போட்டுட்டேன். அவனுக்கு அவசரம். இன்னொண்ணு வந்ததும் மாத்திடலாம்னு இருந்தேன், மறந்துபோச்சு. வண்டி ஓடிச்சுல்ல? ஒண்ணும் ஆகலல்ல?"

"அந்தப் பேட்டரி மேலதான் அவ பொண்ணு உக்காந்து ஸ்கூலுக்குப் போவுது. சரியா இருக்குன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். என் கையெழுத்துங்க அது."

"உன்கிட்ட சொன்னா ஒத்துக்குவியா நீ?" என்றார் அவர்.

அதுதான் அவளைக் குத்தியது. மறந்துபோனதைக்கூட மன்னித்திருப்பாள். ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்தே, சொல்லாமலே அவளைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். கடை கடையாகக் கேட்டு வாங்கிய புதுச் சென்சாரை மாட்டி, எண் ஏறி இறங்குவதைக் கண்ணெதிரே காட்டிவிட்டு, மீட்டரக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் கையெழுத்தையும் மறைக்கவில்லை. கணவர் ஷட்டர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

நர்ஸ் திட்டவில்லை. "உன்னைத்தான்டி நம்பினேன்" என்று மட்டும் சொன்னாள், சாவியை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அந்தக் கார் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து, அவர் கைபட்டு வெளியே போன ஹைப்ரிட் வண்டிகளையெல்லாம் மீட்டரக்கா ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்தாள். பதினாறு வண்டி. எல்லாவற்றையும் திறந்து அளந்தாள். ஒன்றிலும் குறையில்லை. "பாத்தியா, அந்த ஒண்ணுதான்" என்றார் கணவர். அவள் கடைசி வண்டியின் மூடியை மூடினாள். பதினாறும் சரியாக இருந்தது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யத் தெரிந்தவர்தானே, என்றுதான் ஆத்திரம் வந்தது.

இப்போதும் இருவரும் ஒரே ஒர்க்‌ஷாப்தான். வேலை முடிந்தால் அவர் மூடியை மூடாமல் குரல் கொடுப்பார்: "வந்து பாத்துடும்மா." அவள் போவாள், குனிந்து அளப்பாள். "மூடிக்கோங்க" என்பாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் இருவரும் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.