வீரய்யாவைப் பயமுறுத்திய வரகு

விராலிமலைக்குத் தெற்கே எங்கள் ஊரில் வீரய்யாவைப் போலப் பயந்த மனிதர் கிடையாது. பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிவார். காக்கிச் சட்டையைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காரணமும் இருந்தது. புறம்போக்குப் புளியமரத்தில் ஒரு கிளை வெட்டியதற்காக அவருடைய தாய்மாமன் இரண்டு நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தார். அதன்பிறகு சாகும்வரை அந்த மனிதர் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சர்க்கார் ஆட்சி வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அந்த ஆவணியில் மழை ஏமாற்றிவிட்டது. வீரய்யாவின் இரண்டு ஏக்கர் வரகும் கருகிப் படுத்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ‘பயிர் முழுதும் சாவி, ஒரு மணியும் தேறாது’ என்று எழுதினார். வீரய்யா கைநாட்டு வைத்து வறட்சி நிவாரணம் வாங்கினார். அதில் மூன்று பிள்ளைகளும் ஒரு மாதம் கஞ்சி குடித்தார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. வரகு லேசில் சாகாது. தூரிலிருந்து தளிர்த்து, மார்கழியில் கதிர் தள்ளி நின்றது. பங்குனிவரை அடுப்பெரியும் என்று அவர் மனைவி அழகி தானியம் கொட்டும் குலுக்கையைத் துடைத்து வைத்தாள்.

கேலியை ஆரம்பித்தது ஊர்த் தலையாரி ரெங்கராஜ்தான். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“என்ன வீரய்யா, செத்துப்போச்சுன்னு கைநாட்டு வச்ச பயிரு எந்திருச்சு நிக்குதே! வெள்ளிக்கெழம ஜீப்புல ஆபீசர் வாராரு. பொய் சொல்லிச் சர்க்கார் பணத்த வாங்குனா ஆறு மாசம் உள்ள, தெரியுமுல்ல?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. வீரய்யா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டாலும் வியர்த்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆட்டுக்காரர் நாகராசுவைக் கூப்பிட்டு, மந்தையைப் புஞ்சையில் விடச் சொன்னார்.

“கருது புடிச்ச பயிருல எப்படிண்ணே விடுறது? ஒங்களுக்கு என்ன ஆச்சு?”

“விடுங்கிறேன்ல! அவுக வாரதுக்குள்ள வெறும் மண்ணுதான் தெரியணும்.”

அழகி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை ஆடுகள் மிதித்துத் துவைத்திருந்தன.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் வாயைத் திறக்குமுன் வீரய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

“பயிரு இல்லைங்கய்யா. பாருங்க, ஒண்ணுமே இல்லைங்க.”

ஆபீசருக்குப் புரியவில்லை. மண் அரிப்பைத் தடுக்க வரப்புப் போடுகிறவர்களுக்கு மானியம் தருவதற்காக நிலம் அளக்க வந்தவர் அவர். ரெங்கராஜ் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னதும் ஆபீசரின் முகம் வாடிவிட்டது.

“கருகுனதுக்குத்தான் பெரியவரே நிவாரணம் குடுத்தோம். அப்புறம் தளுத்தது ஒங்க பயிருங்க. ஒங்கள யாரு பிடிக்கப் போறா?”

வீரய்யா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு முகமெல்லாம் மலர மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

“பிடிக்க மாட்டாகளாம் புள்ள! என்னய ஜெயில்ல போட மாட்டாகளாம்!”

அழகி மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போட்டிருந்தாக்கூட வீட்டுல வரகு இருந்திருக்கும்யா” என்றாள்.