குத்து விழுந்த கிளை

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் என் சித்திக்கு எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. காயைவிடக் கன்றுதான் அவளுக்குப் பிழைப்பு. கிளையில் வளையமாகப் பட்டையை உரித்து, அந்த இடத்தில் ஈரமான தேங்காய் நார்க் கழிவை வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுவாள். வேர் விட்டதும் கிளையை வெட்டி எடுத்தால் அதுதான் கன்று. பதியன் என்போம். சித்தப்பா இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் இந்தப் பதியனை விற்றுத்தான் படிக்க வைக்கிறாள்.

நான் படித்தது பயிர் நோயியல். செடிகளில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை. லீவில் போனாலும் இலையைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அன்று காலை சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருவர் கன்று ஏற்ற வேனோடு வருவதாக இருந்தார். நான் சித்தி பதியன் கட்டும் தாய்மரத்தடியில் நின்று ஓர் இளம் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். நரம்புகள் துண்டு துண்டாக வெளிறி, அங்கங்கே கண்ணாடி போலத் தெரிந்தன. அடுத்த இலையிலும் அப்படித்தான். பழக்கத்தில் காரணங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். துத்தநாகக் குறை என்றால் நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மஞ்சளாகும். அது இல்லை. தண்ணீர்த் தேக்கம்? மேட்டு நிலம். சிலந்திப்பேன்? இலையடியில் சுத்தமாக இருந்தது. கொழுந்தில் மட்டும் அசுவினி கருப்பாக அடைந்து கிடந்தது. எலுமிச்சையைப் பட்டுப்போக வைக்கும் டிரிஸ்டெசா வைரஸை மரத்துக்கு மரம் கொண்டுபோவது அந்தப் பூச்சிதான்.

மிச்சம் பார்க்க வேண்டியது ஒன்று. அந்த நோய் என்றால், பட்டைக்கு உள்ளே கட்டையில் ஊசியால் குத்தியது போலப் பள்ளங்கள் இருக்கும்.

"சித்தி, ஒரு கிளையில பட்டைய உரிச்சுப் பாக்கட்டுமா?"

அவள் வெட்டிய பதியன்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்குட்டி? குத்து இருக்கான்னு பாக்கியா?"

"எந்தக் குத்து?"

"கட்டையில புள்ளி புள்ளியா விழுமே, அது. குத்து விழுந்த கிளையாப் பாத்துத்தான் நான் பதியன் கெட்டுவேன். அதுதான் சீக்கிரம் பூக்கும். வழுவழுன்னு இருந்தா விட்டுருவேன்." ஒரு கன்றின் பட்டையை நகத்தால் கீறி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு, எம்புட்டு இருக்குன்னு."

இவ்வளவு தெளிவாக நான் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. நோய்ப்பட்ட மரம் சில சமயம் அவசரமாகப் பூக்கும். சித்தி அதைத் தரம் என்று எண்ணி, நல்ல கிளைகளை ஒதுக்கிவிட்டு, நோய் கண்ட கிளைகளாகத் தேடித் தேடி ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள்.

வேன் சத்தம் கேட்டது. அது வாசலுக்கு வருவதற்குள் சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்ன தங்கச்சி, குத்துக் கன்னுதானே?" என்றபடி அண்ணாச்சி இறங்கினார்.

"அது சீக்குன்னு இந்தப் பிள்ள சொல்லுது, அண்ணாச்சி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மரத்து டாக்டரோ? அப்ப ஊசி போட்டு அனுப்பும்மா."

"இதுக்கு ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. கொஞ்ச வருசத்துல நுனியிலருந்து காயும். அதுக்குள்ள பக்கத்து மரத்துக்கும் ஒட்டிரும்."

"நிச்சயமாச் சொல்லுதியா?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "ஆய்வகத்துல பாத்தாத்தான் நிச்சயம். முடிவு வார வரைக்கும் ஏத்த வேண்டாம்."

"அப்ப நிச்சயமில்ல! குழி வெட்டி, ஆளு நிப்பாட்டிட்டு வந்திருக்கேன் தங்கச்சி. படிச்ச பிள்ளையெல்லாம் காப்பியில எறும்பு கெடந்தாலும் சோதனைக்கு அனுப்புவாவ." டிரைவரைப் பார்த்து, "ஏத்துலே," என்றார்.

டிரைவர் சாக்கைத் தூக்கினான். சித்தி என்னைப் பார்த்தாள். வேறு ஏதாவது சொல்லமாட்டேனா என்பது போலிருந்தது. வேன் கதவு வரை சாக்கு போய்விட்டது.

"கீழ வையி," என்றாள் சித்தி டிரைவரிடம். பிறகு அண்ணாச்சியிடம், "ஒங்க அய்யா வச்ச எலுமிச்ச மரம் இன்னும் நிக்கா?"

"நிக்கி. ஏன்?"

"அதுல குத்து உண்டா?"

"அது வழுவழுன்னுதான் இருக்கும்."

"காஞ்சிருக்கா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அதுக்குப் பக்கத்துலயா இதக் கொண்டு வைக்கப் போறீய?"

"ஒன்ன விட்டா ஊருல கன்னு இல்லைன்னு நெனச்சியோ?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறினார். வெறும் வேன் குலுங்கிக்கொண்டே போனது.

சித்தி சாக்கின் மேல் உட்கார்ந்தாள். "விதை போட்டா?"

"விதையில இது வராது. ஆனா காய்க்க நாளாகும். அசுவினி அண்டாமப் பாக்கணும். இந்த மரமும் நிக்கக் கூடாது, சித்தி."

தலையை மட்டும் ஆட்டினாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து, போன வருடம் கன்று வாங்கிய களக்காட்டுக்காரரை அழைத்தாள்.

"அண்ணாச்சி, நாந்தான். நம்ம கன்னுல ஏதாவது ஒரு பட்டைய உரிச்சுப் பாருங்களேன். குத்து இருக்கான்னு."

அவர் உற்சாகமாகச் சொன்னது எனக்கே கேட்டது. "பாக்கவே வேண்டாம் தங்கச்சி, எல்லாத்துலயும் இருக்கு! இப்பம் நானே பதியன் கெட்டி நாலு பேருக்குக் குடுத்திருக்கேன்லா!"

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். "இனி யாருக்கும் குடுக்காதீய, அண்ணாச்சி. அந்த நாலு பேரும் யாருன்னு சொல்லுங்க."